எழுபது திரைகளுக்கு மஞ்சள்

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் சொல்லாவிட்டாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதில் பல்லிக்குப் பயந்தேன், பிறகு பரீட்சைக்கு, அதன் பிறகு கல்யாணத்துக்கு. இதில் பல்லியைத் தவிர மற்ற இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு உண்டு. பிளஸ் டூவில் இரண்டு தடவை தோற்றதும், வத்திராயிருப்பில் இருந்த என் தாய்மாமனுக்கு என்னைக் கட்டிவைப்பது என்று வீட்டில் பேச்சு ஓடியது. மாமாவுக்கு மனைவி தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகள், தென்னந்தோப்பு, முப்பத்தெட்டு வயது. எனக்கு இருபது. மாமா கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாச் சாப்பிடுதியா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அப்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு தறிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. எண்பதுகளின் கடைசி வருஷங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். நெய்து வந்த துணியை விளக்கு மேஜையில் விரித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய் பட்டிருக்கிறது என்று பார்த்து, சரியாக இருந்தால் சீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அப்பா அம்மாவிடம் சொன்னார்: "அவ வேலைக்குப் போற வரைக்கும் கல்யாணப் பேச்ச எடுக்காத. வேலைய விட்டா அடுத்த முகூர்த்தம்." எனக்குக் கிடைத்த அவகாசத்துக்கு இருந்த ஒரே கூரை அந்தக் கையெழுத்துதான். அதை இழந்தால் வத்திராயிருப்பு.

எங்கள் கம்பெனியில் அதுவரை பேண்டேஜ் துணியும் வேட்டியும்தான் ஓடின. ஒருநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, பம்பாயிலிருந்து ஒரு டிசைனர் வருகிறார், வீட்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் போடுகிற ஸ்கிரீன் துணி நெய்யப்போகிறோம் என்றார். டிசைனர் என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சேலைக் கரைக்கு டிசைன் உண்டு, அது நோட்டில் இருக்கும், ஏஜெண்ட் கொண்டுவருவார். துணியை யோசிப்பதற்கென்று தனியாக ஒரு ஆள் இருக்க முடியும் என்பது நாங்கள் கேள்விப்படாத விஷயம். எங்கள் வீட்டு வாசலில் தொங்கியது அப்பாவின் பழைய வேட்டியில் பாதி. மீதிப் பாதி அடுப்படியில் கரித்துணியாக இருந்தது.

வந்தவர் ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். கழுத்தளவு வெட்டிய முடி, காதில் ஒன்றுமில்லை, ஆண்பிள்ளைச் சட்டை. தோளில் ஒரு பெரிய பை. விளக்கு மேஜையில் அதைக் கவிழ்த்தார். உள்ளங்கை அகலத்தில் நூற்றுக்கும் மேல் துணித் துண்டுகள். தேனடை மாதிரி குழிகுழியாக நெய்த ஒன்று. சணலும் பருத்தியும் சேர்ந்த ஒன்று. ஓர் இடத்தில் இழையே இல்லாமல் காற்று போகிற மாதிரி விட்டு, அடுத்த இடத்தில் நெருக்கி அடித்த ஒன்று. ஒவ்வொன்றையும் எடுத்து, இது கல்கத்தாவில் ஒருவர் செய்தது, இது மதராசில் ஒரு பெண் துரு ஏறிய இரும்பை ஊறவைத்து அச்சடித்தது, இது என் ஆசிரியர் செய்தது என்று ஆபீஸ் கிளார்க் மூலமாகச் சொன்னார். உறவுக்காரர்களின் போட்டோவைக் காட்டுகிற மாதிரிதான் காட்டினார். எனக்குத் தொடப் பயம். கை வேர்வை பட்டுவிடுமே. அவரே என் விரலைப் பிடித்து அந்தத் தேனடைத் துணியின் மேல் வைத்தார். இரண்டு வருஷமாக நான் துணியில் குற்றத்தை மட்டுமே தேடியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எதிரில் இருந்தவர்களின் துண்டு, பை, சட்டைக் காலர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருத்தர் முறைத்தார்.

அவர் எங்களிடம் கேட்டது காடாத் துணி. வெளுக்காத, சாயம் போடாத, பருத்திக் கொட்டையின் தூசி அங்கங்கே புள்ளியாகத் தெரிகிற அதே காடா. நடுவில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பேண்டேஜ் மாதிரி கண்ணிகண்ணியாக நெய்ய வேண்டும். எழுபது திரைகள், கீழும் மேலும் மடித்துத் தைத்து. பம்பாயில் ஒரு கண்காட்சிக்கு. போகும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: துணியில் சாக்பீஸ் கூடாது, பென்சில் கூடாது, எண்ணெய் கூடாது, எதுவுமே படக்கூடாது. சூப்பர்வைசர் அதைச் சுவரில் எழுதி ஒட்டினார். "வேற எதுவும் பட்டுச்சுன்னா, பட்டவங்க அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம்" என்று தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டார்.

துணி அழகாகத்தான் வந்தது. தறியிலிருந்து இறங்கி வெயில் பட்டபோது பாலில் லேசாகக் கருப்பட்டி கலந்த நிறம். ஆனால் கம்பெனியில் இருந்த நாங்கள் பதினான்கு பெண்களும் மேஜையைச் சுற்றி நின்று பார்த்தோமே தவிர ஒருத்தியும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் காடாத் துணி புதிதாக ஒரு வீட்டுக்குள் போகிறதென்றால் அது சாவு வீடு. பிணத்துக்குக் கோடி போடுவதற்குக் கொண்டுபோவது இந்தத் துணிதான், இந்த நிறம்தான். மற்றபடி புதுத்துணி எதுவானாலும், கைக்குட்டையானாலும், மூலையில் துளி மஞ்சள் வைக்காமல் யாரும் உடம்பில் போடமாட்டார்கள்.

"இதையா நெலவாசல்ல தொங்கவிடுவாக?" என்றாள் தையல் அக்கா. அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். முப்பது வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய் நாளாகியிருந்தது. தினமும் எனக்கு முன்னால் பஸ் ஏறி எனக்கு இடம் போட்டு வைப்பவள். வத்திராயிருப்புக் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வெளியே அது தெரிந்த ஒரே ஆள்.

அவள் கேட்ட கேள்வி என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. எழுபது திரை என்றால் எழுபது வாசலோ ஜன்னலோ. அதற்குள்ளே பிள்ளைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டால்? பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு எழுபது பேயும் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பொட்டலத்தில் மஞ்சள்தூள் கொண்டுபோனேன்.

தையல் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வைக்கணும்னா உள்பக்கமா வையிட்டி. நான் மடிச்சு அடிச்சிருதேன், வெளிய தெரியாது" என்றாள். அப்படியே செய்தோம். நான் ஒவ்வொன்றையும் பார்த்து முடித்து, கீழ் ஓரத்து மூலையில் தண்ணீரில் குழைத்த மஞ்சளைச் சுண்டுவிரலால் ஒரு புள்ளி வைத்துத் தள்ளுவேன். அவள் அதை மடிப்புக்குள் மறைத்துத் தைப்பாள். மற்ற பெண்கள் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஒருத்தி மட்டும் என் காதில், "நல்ல காரியம் செஞ்ச" என்றாள். எழுபதாவது திரை போனபோது எனக்கு வயிறு லேசாகிவிட்டது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து பம்பாயிலிருந்து பார்சல் வந்தது. இரண்டு திரைகள், ஒரு கடிதம். காடாவின் கஞ்சி போவதற்காக எல்லாத் திரைகளையும் சோடா போட்டுத் துவைத்ததாகவும், துவைத்த பிறகு பலவற்றில் சிவப்புக் கறை தெரிவதாகவும், தானே நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார்.

சூப்பர்வைசர் எங்கள் பதினான்கு பேரையும் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளிக்குக் கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார், பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அன்றைக்குத் தமிழிலேயே, மெதுவாகப் பேசினார். சூப்பர்வைசர் திரையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். கீழ் மூலையில், மடிப்பின் வழியாகக் கசிந்து, காசளவுக்குச் சிவப்பு.

பார்த்த கணமே தெரிந்துவிட்டது. எனக்கு மட்டுமில்லை, அங்கே நின்ற பதினான்கு பேருக்கும் தெரிந்துவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். சோடா பட்டாலும் சிவக்கும், மஞ்சள் கறை பட்ட துணிக்குச் சோப்புப் போட்டவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை வளைகாப்புக்கு நாங்கள் ஆரத்தி கரைத்திருப்போம். ஆம்பளைகள் பிறந்ததிலிருந்து அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று நெற்றியில் வாங்கிக்கொண்டு போகிறார்கள், அது எதனால் சிவந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"ரத்தம்" என்றார் சூப்பர்வைசர். "கீழ் மடிப்பு யார் அடிச்சது?"

"நாந்தான் சார்" என்றாள் தையல் அக்கா.

"ஊசி குத்துச்சா?"

"இல்ல சார்."

"அப்பொறம் எப்படி வரும்? தூரமா இருக்கயில மடியில போட்டுத் தைச்சியா?"

பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். அந்த வார்த்தையை ஓர் ஆம்பளை இத்தனை பேருக்கு நடுவில் சொல்வதைக் கேட்டதே இல்லை. அக்காவின் காது மடல் சிவந்துபோனது. அவள் நிமிர்ந்து ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். "சார், அது மஞ்சள்" என்று சொல்ல நாலு விநாடி போதும். சுவரில் ஒட்டியிருந்த எழுத்து தெரிந்தது, மாமாவின் முகம் தெரிந்தது, "நல்லாச் சாப்பிடுதியா?" என்ற குரல் கேட்டது. நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டிசைன் மேடம் வார வரைக்கும் நீ வர வேண்டாம்" என்றார் முதலாளி. வரவேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியும். அக்கா தன் கத்தரிக்கோலையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழி, வீடு, மேஜை, எங்கும் பயம். ஆபீஸ் கதவு திறந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றுவிடுவேன். மற்ற பெண்கள் என்னோடு பேசினார்கள், ஆனால் துணியைப் பற்றிப் பேசவில்லை. யாராவது ஒருத்தி சொல்லித் தொலைத்துவிடுவாளோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். சில சமயம், யாராவது சொல்லித் தொலைத்தால் நல்லது என்றும் தோன்றும். இரண்டு தடவை ஆபீஸ் கதவு வரை போனேன். ஒரு தடவை முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். இன்னொரு தடவை அவர் சும்மாதான் இருந்தார், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து என்ன என்று தலையையும் ஆட்டினார். "தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன். பானை இருந்தது எதிர்ப்பக்கம்.

அந்த வாரம் மாமா மாம்பழம் கொண்டுவந்தார். நான் மெலிந்துவிட்டேன் என்று அம்மாவிடம் வருத்தப்பட்டார். "வேலை ரொம்பச் சாஸ்தியோ? கஷ்டமா இருந்தா விட்டுறச் சொல்லுக்கா" என்றார். பாசமாகத்தான் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அக்காவின் வீடு எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்த ஒன்பது நாளும் கோயிலுக்குப் போவதென்றால்கூட அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

பத்தாம் நாள் மத்தியானம் டிசைன் மேடம் வந்தார். சீட்டில் கையெழுத்து என்னுடையது என்பதால் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி, சூப்பர்வைசர், கிளார்க் மூவரும் இருந்தார்கள். மேடம் பையிலிருந்து ஒரு திரையை எடுத்து விரித்தார். எங்கள் காடா. கீழ் மூலையில் ஒன்றுமில்லை. நன்றாக உற்றுப் பார்த்தால் பழைய வெற்றிலைக் காம்பு நிறத்தில் ஒரு சாயல்.

கிளார்க் மொழிபெயர்த்தார்: "இதுலயும் சிவப்பா இருந்துச்சாம். அலசிட்டு வெயில்ல தொங்கப் போட்டாகளாம். மொதல்ல மஞ்சளாச்சாம், பொறவு தானாப் போயிருச்சாம். ரத்தக்கறை இப்படிப் போகாது, இது என்னன்னு கேக்காக."

மேடம் முகத்தில் கோபமே இல்லை. அந்தத் துணித் துண்டுகளைக் காட்டியபோது இருந்த அதே ஆவல்தான் இருந்தது. திருவிழாவில் வித்தை பார்க்கிற பிள்ளையின் முகம். அதைப் பார்த்தேன். ஆபத்து இல்லை என்று எனக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு நாக்கு அவிழ்ந்துவிட்டது.

"மஞ்சள்" என்றேன். கொட்டித் தீர்த்தேன். காடா என்றால் எங்கள் ஊரில் என்ன, கோடி என்றால் என்ன, புதுத்துணிக்கு ஏன் மஞ்சள், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் வைத்தேன் என்று எல்லாம். கிளார்க் என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். சூப்பர்வைசர், "அடச்சீ, ஆரத்தியா!" என்று சிரித்தே விட்டார். மேடம் சிரிக்கவில்லை. இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றார். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு, அடுத்த ஆர்டருக்குத் துணியில் வைக்க வேண்டாம், பார்சல் கட்டுகிற நூலை மஞ்சளில் நனைத்துக் கட்டுங்கள், அது போதுமா என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! போதும் என்று தலையாட்டினேன்.

அடுத்த ஆர்டர் இருக்கிறது என்றதும் முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேடம் கேட்டதற்காக, இனிமேல் சாம்பிள் துணி எல்லாம் என் மேஜைக்கு வரட்டும் என்றார். அந்தப் பை நிறையத் துண்டுகளில் பாதியை மேடம் என்னிடமே விட்டுவிட்டுப் போனார். வெளியே வந்தபோது மற்ற பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்காவின் ஞாபகம் எனக்கு எப்போது வந்தது என்று நேர்மையாகச் சொன்னால், சாயங்காலம் செருப்பு மாட்டும்போதுதான் வந்தது. திரும்பிப் போய் முதலாளியிடம் கேட்டேன். "வரச் சொல்லும்மா, நாளைக்கே வரச் சொல்லு" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலருகே மிஷின் போட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பாவாடைக்கு மடிப்பு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே மூச்சு வாங்கச் சொன்னேன்: உண்மை தெரிந்துவிட்டது, மேடம் திட்டவே இல்லை, முதலாளி வரச் சொல்லிவிட்டார், ரத்தம் இல்லை மஞ்சள்தான் என்று எல்லாரிடமும் நானே சொல்லிவிட்டேன்.

அவள் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள்னு எனக்குத் தெரியாதாட்டி?" என்றாள். "ஆரத்தி கரைக்காத கையா இது?"

"பொறவு ஏங்க்கா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா யாரு வச்சதுன்னு கேப்பாகல்ல. ஒன் பேரச் சொல்லணும். ஒன்னய வத்திராயிருப்புக்கு அனுப்பிருவாக." பாவாடையைத் திருப்பிப் போட்டாள். "நீயே சொல்லுவன்னு இருந்தேன். ஒம்பது நா பாத்தேன்."

"பயந்துட்டேங்க்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"எனக்கும் பயமாத்தாண்டி இருந்துச்சு" என்றாள்.

உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நான் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன். அவள் வரவில்லை.